கனகரத்தினம் துடைத்த பொட்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் கோபாலசாமி சொல்வார். இருக்கட்டுமே! நிறம் கலக்குகிறவளுக்கு வராத கோபம் வேறு யாருக்கு வரும்? பதினாறு வருடமாக ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு பெயிண்ட் கடையின் லேப்பில் இருக்கிறேன். கராஜ்காரன் நசுங்கிய கதவைத் தூக்கிக்கொண்டு வருவான், "சேம் கலர் மேடம், ஜல்தி" என்பான். மெஷினை வைத்து அளந்து கலந்து கொடுப்பேன். மறுநாள் அதே கதவோடு வந்து, "கலர் வேற மேடம்" என்று நிற்பான். அவன் அடித்த லட்சணம் அப்படி இருக்கும், திட்டு மட்டும் எனக்கு. ஆகவே எந்த பெயிண்டராவது என் நிறத்தைக் குறை சொன்னால் நான் லேசில் விடுவதில்லை.

கனகரத்தினம் அண்ணன் எனக்கு அறிமுகமானது அப்படிக் குறை சொல்லித்தான். போன அக்டோபரில் ஒருநாள் லேப்புக்கு போன் வந்தது. "பிள்ளை, நீங்கள் அனுப்பின பச்சை பிழை" என்றது ஒரு யாழ்ப்பாணத்துக் குரல். ஹலோ இல்லை, பேர் இல்லை, ஊர் இல்லை. நான் மதுரைக்காரி. "மெஷின்ல அளந்து குடுத்ததுங்க. உங்க கண்ணைக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று வைத்துவிட்டேன். மூன்றாவது முறையும் அதே குரல் அதையே சொன்னபோது கடை வேனை எடுத்துக்கொண்டு நேரே அந்த கராஜுக்கே போய்விட்டேன்.

பழைய அமெரிக்கக் கார்களைப் புதுப்பிக்கிற இடம் அது. நிர்வாகி செய்கு முகம்மது, கீழக்கரைக்காரர், என்னைவிடக் கோபக்காரர். உள்ளே ஒரு கார் எலும்பும் தோலுமாக நின்றது. 1970-இல் செய்தது, இரண்டு கதவு, நீள மூக்கு, ஸ்டார்ட் செய்தால் பக்கத்துக் கட்டடத்து ஜன்னலெல்லாம் அதிரும் என்கிற ஜாதி. மசில் கார் என்கிறார்கள். அதன் பக்கத்தில் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஒல்லியாக ஒருவர் நின்றார். ஐம்பத்தொன்பது வயது. அவர்தான்.

"மெஷின் தப்புச் சொல்லுமா அண்ணே?" என்று எடுத்த எடுப்பிலேயே பிடித்தேன்.

"மெஷினிலை பிழை இல்லைப் பிள்ளை. நீங்கள் அதுக்குக் காட்டின இடம் பிழை" என்றார். "உங்கட கடை ஆள் இஞ்ச வந்து கூரையிலை மெஷினை வச்சவர். கூரை இருபது வருசத்துக்கு மேலை வெய்யில் குடிச்ச கூரை. இஞ்ச வாங்கோ." கதவு ஓரத்து ரப்பரை மெதுவாக உரித்தார். அடியில் கட்டைவிரல் அகலத்துக்குப் பச்சை இருந்தது. வெயிலே காணாத பச்சை. கதவைக் கழற்றி முற்றத்து வெளிச்சத்தில் வைத்து, என்னுடைய மாதிரி அட்டையைப் பக்கத்தில் பிடித்தார். "வடிவாப் பாருங்கோ. உங்கடையிலை கறுப்பு ஒரு சொட்டுக் காணாது."

பார்த்தேன். முதலில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வீம்புக்கு இன்னொரு தடவை பார்த்தேன். கதவை வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போய் அரை கிராம் கறுப்பைக் கூட்டிக் கலந்து, அந்த ரப்பர் அடிப் பச்சையையே மெஷினில் வைத்து அளந்தேன். அச்சு அசலாகப் பொருந்தியது. அரை கிராம்! ஒரு கிலோவில் அரை கிராம் குறைவதை ஒரு மனுஷன் வெறுங்கண்ணால் பார்த்திருக்கிறார். அன்று இரவு கராமாவில் எங்கள் ஃபிளாட்டில் சாப்பிடும்போது அதை மூன்று தரம் சொன்னேன். "சரி சரி, ஒருத்தர்கிட்டயாவது தோத்தியே, சந்தோஷம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறை அந்த கராஜுக்குப் போகாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

கார் ஹசன் அலி என்கிற ஷார்ஜாக்காரருடையது. அவருடைய தகப்பனார் பஹ்ரைனில் வேலை பார்த்த காலத்தில் புதிதாக வாங்கியது. தாயார் ஜுபைதா கல்யாணமாகி முதல்முதல் ஏறியது இந்தக் காரில்தான். தகப்பனார் இறந்த பிறகு தைத் என்கிற ஊரில் பேரீச்சைத் தோட்டத்துக் கொட்டகையில் முப்பது வருடம் கிடந்தது. பிப்ரவரியில் துபாயில் ஒரு போட்டி, வெளிநாட்டிலிருந்து நடுவர்கள் வருகிறார்கள். அங்கே மார்க் அழகுக்கு இல்லை. அன்று ஃபாக்டரியிலிருந்து எப்படி வெளியே வந்ததோ அப்படியே இருக்கவேண்டும், அதற்குத்தான் மார்க். ஃபாக்டரிக்காரன் அவசரத்தில் வழியவிட்ட பெயிண்ட் வழிந்தே இருக்கவேண்டும். வழியாமல் வழவழவென்று அடித்தால் மார்க் போச்சு! இதைக் கேட்டு நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆயுள் முழுக்க வழியாமல் அடிக்கக் கற்றுக்கொண்டவனிடம் போய், வழியவிடு என்றால்?

கனகரத்தினம் அண்ணனுக்கு அது தலைவலியாக இல்லை, வரமாக இருந்தது. சுன்னாகத்தில் பதினேழு வயதில் கார் பெயிண்டுக்கு வந்தவர். சண்டைக் காலத்தில் ஊருக்குள் பெட்ரோலும் கிடையாது, பெயிண்டும் கிடையாது. மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்கள் ஏழுக்கு, கையிலிருந்த ஒரே மெரூன் நிறத்தைத் தண்ணீராகக் கரைத்து அடித்திருக்கிறார். "சொந்தக்காரரே தங்கட கார் எதெண்டு தெரியாமல் நிண்டவை" என்று சொல்லிச் சிரிப்பார். தொண்ணூற்றாறில் வளைகுடாவுக்கு வந்தார். இருபத்தெட்டு வருடம் இடிபட்ட கார் வேலை.

"அது ஒளிக்கிற வேலை பிள்ளை" என்றார் ஒருநாள். "இடிபட்டது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. நான் நல்லாச் செய்தால் நான் தொட்டதே தெரியாது. இந்தக் கார் அப்பிடியில்லை. இதிலை ஒவ்வொரு மனுசன்ர கையும் தெரியவேணும்." மார்ச்சில் அவருடைய விசா முடிகிறது. மனைவி சுகந்தா சுன்னாகத்தில் காத்திருக்கிறார். போன வருடமே போயிருக்க வேண்டியவர், இந்தக் காருக்காக ஒரு வருடம் தள்ளிப் போட்டார். "இந்த ஒண்டை என்ர கையாலை முடிச்சிட்டால் போதும். அதுக்குப் பிறகு ஒரு காரும் தொடமாட்டன்."

அந்தக் காரைக் கையில் வைத்திருப்பதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. முதல் நாளே செய்கு முகம்மது எல்லாரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டார். காரில் எங்காவது ஃபாக்டரிக்காரன் போட்ட குறி, எழுத்து, சாக்பீஸ் கோடு எது தெரிந்தாலும் முதலில் போட்டோ எடுக்கவேண்டும், பிறகுதான் கை வைக்கலாம். "எவன் ஒரு குறியை அழிச்சாலும் அன்னைக்கே அவனுக்கும் இந்த வண்டிக்கும் கலாஸ், முடிஞ்சுது கணக்கு. ரெண்டாம் பேச்சு கிடையாது." கனகரத்தினம் அண்ணன் எழுநூறு போட்டோ எடுத்திருந்தார்.

நான் வாயடைத்து நின்ற நாள் நவம்பரில் வந்தது. காரின் வயிற்றுப் பக்கம், கதவுக்குக் கீழே, சிவப்புப் பிரைமரின்மேல் பச்சைப் புகை படிந்ததுபோல ஒரு விளிம்பு இருக்கும். மேலே பச்சை அடிக்கும்போது கீழே சிதறியது. அதை ஓவர்ஸ்பிரே என்பார்கள். அதை அப்படியே திரும்ப வரவழைக்கவேண்டும். அண்ணன் இரண்டு நாள் அந்த விளிம்பையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இடப்பக்கம் அடிச்சவன் கட்டையன். புகை உள்ளுக்கு எவ்வளவு தூரம் போயிருக்குது எண்டு பாருங்கோ. துவக்கு கீழ இருந்து போயிருக்குது." துவக்கு என்றால் ஸ்பிரே கன். "வலப்பக்கம் வேற ஆள். நெட்டையன். களைச்சுப் போயிருக்கிறான். கடைசிச் சாண் வரேக்க கையை முந்தியே எடுத்திட்டான். சாப்பாட்டு மணி அடிச்சிருக்கும்."

"ஐயோ அண்ணே, அவன் சாப்பிடப் போனதுகூடத் தெரியுதாக்கும்!" என்று கிண்டல் பண்ணினேன்.

அவர் சிரிக்கவில்லை. பெயிண்ட் அடிக்கிற பூத்துக்குள் போனார். இடப்பக்கம் அடிக்கும்போது முழங்காலை மடக்கிக்கொண்டு, அரை ஆளாகக் குனிந்து நடந்து அடித்தார். வலப்பக்கத்துக்கு ஒரு பலகையை எடுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று அடித்தார். கடைசிச் சாணில் கையைச் சட்டென்று தூக்கினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. அவர் பார்த்தே இராத ஒரு ஊரில், ஐம்பது வருடத்துக்கு முந்தி, பேர் தெரியாத இரண்டு பேர் ஒரு காலைப்பொழுதில் செய்த வேலை. அந்த இரண்டு பேராகவும் இந்த மனுஷன் மாறி மாறி நடந்தார். காய்ந்த பிறகு பழைய போட்டோவை வைத்துப் பார்த்தோம். எது பழசு எது புதுசு என்று செய்கு முகம்மதுவுக்கே தெரியவில்லை. எனக்குக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போல இருந்தது, கௌரவம் தடுத்தது.

டிசம்பரில்தான் என் வாயால் எல்லாம் கெட்டது. அதே வருடத்து, அதே ஃபாக்டரிக் கார் ஒன்றைப் புதுப்பிக்காமல் அப்படியே வைத்திருக்கிற வெளிநாட்டுக்காரர் ஒருவர், நான் கேட்டதற்காகச் சில படங்கள் அனுப்பியிருந்தார். அண்ணன் லேப்புக்கு வந்திருந்தபோது ஸ்கிரீனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தகட்டின் படம் ஒன்று வந்தது. பிரேக் யூனிட்டுக்குப் பக்கத்தில், எட்டணா அளவில் ஒரு மஞ்சள் வட்டம், அதன் நடுவே சிவப்பாக ஒரு புள்ளி.

"இது என்னண்ணே, நம்ம ஊர்ப் பொட்டு மாதிரியே இருக்கு!" என்று சிரித்தேன். "ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் போடற குறியாம். ஒருத்தன் செக் பண்ணி மஞ்சள் வைப்பானாம், இன்னொருத்தன் மறுபடி செக் பண்ணி சிவப்பு வைப்பானாம். இது இருக்கிற காரே உலகத்துல கொஞ்சம்தானாம்."

திரும்பிப் பார்த்தால் அவர் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"நான் அதைத் துடைச்சிட்டன் பிள்ளை."

எனக்கு விளங்கவே இல்லை. அப்புறம் சொன்னார். அக்டோபரில், நவராத்திரி முடிந்த மறுவாரம், அந்தத் தகட்டில் விரல்கனத்துக்கு அப்பியிருந்த கிரீஸைத் துடைத்திருக்கிறார். அடியில் இந்த மஞ்சளும் சிவப்பும் இருந்திருக்கிறது. சிவப்பு பிரஷால் வைத்ததாக இல்லை, விரலால் வைத்தது, விரல் ரேகையே தெரிந்தது. இங்கே எழுபதுகளிலிருந்து எத்தனை தமிழ் மெக்கானிக்குகள் வேலை பார்த்திருக்கிறார்கள்! எவனோ ஒருவன் ஆயுத பூசைக்குச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்திருக்கிறான் என்றே நினைத்துவிட்டார். காருடைய குறி இல்லை, சாமியுடைய குறி. அதைப் போட்டோ எடுத்துக் கணக்கில் சேர்ப்பதா? அதன்மேல் மெஷின் தேய்ப்பதா? பாவம் என்று தோன்றியிருக்கிறது. புதுப் பஞ்சுத் துணி எடுத்து, "முருகா" என்று சொல்லி, தன் கையாலேயே துடைத்து எடுத்திருக்கிறார்.

"தண்ணியிலை போகேல்லை, தின்னருக்குத்தான் போனது" என்றார். "அப்பவாவது எனக்கு விளங்கியிருக்கவேணும். கிரீஸ் ஊறினதாலை எண்டு நினைச்சன். நாப்பது வருசம் பெயிண்ட் தொட்ட கை பிள்ளை இது. பெயிண்டைக் குங்குமம் எண்டு நினைச்சுதே!"

நான் கதவைச் சாத்தினேன். "அண்ணே, வேற யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப மூச்சு விடாதீங்க. அங்க ஒண்ணு இருந்துச்சுன்னே யாருக்கும் தெரியாது. இல்லாததை எவன் தேடப்போறான்? ரெண்டு மாசத்துல வண்டி முடிஞ்சுடும். உங்களுக்கு என்ன வேணும், இந்த வண்டியை முடிக்கணும், அவ்வளவுதானே? போய்ச் சொன்னீங்கன்னா அந்தக் கீழக்கரைக்காரர் அன்னைக்கே உங்களைக் கழட்டி விட்டுடுவார்."

தலையை ஆட்டினார். சரி, புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலை ஹசன் அலி கார் பார்க்க வந்த சமயம் பார்த்து, செய்கு முகம்மதுவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஹிந்தியில் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்! போனில் கேள்விப்பட்டதும் எனக்கு வந்த கோபத்தில் அளவுக் குப்பி ஒன்றைப் போட்டு உடைத்தேன்.

ஹசன் அலி கத்தவில்லையாம். "போட்டோ?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். "மாஃபி" என்று அரபியில் இல்லையென்றிருக்கிறார் அண்ணன். ஹசன் அலி காரை ஒருதரம் சுற்றி வந்து, கிளம்பிப் போய்விட்டார். செய்கு முகம்மது சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்று மத்தியானமே கனகரத்தினம் அண்ணன் பக்கத்து ஷெட்டில், ஒரு பேக்கரிக்காரனின் டெலிவரி வேன்களுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தேன். திட்டத்தான் போனேன்.

"சொல்லாமலே இருந்திருந்தா என்ன கொறைஞ்சிருக்கும்?"

"மற்ற எழுநூறும் பொய்யாப் போயிருக்கும் பிள்ளை" என்றார். "கட்டையன் எண்டும் நெட்டையன் எண்டும் நான் சொன்னதை அவை நம்பினவை. இதை ஒளிச்சால் அதை என்னெண்டு நம்பிறது? எனக்கே நம்பேலாது." அவர் கண் கார் நின்ற ஷெட்டையே பார்த்தது. அழுகிறாரோ என்று பயந்துபோய் நான் வேறு பேச்சுப் பேசினேன்.

ஜனவரி கடைசியில் கார் முழுசாகச் சேர்ந்துவிட்டது. எல்லாக் குறிகளையும் போட்டோ பார்த்துப் போட்டுவிட்டார்கள். மஞ்சளும் சிவப்பும் மட்டும் பாக்கி. நான் காட்டிய வெளிநாட்டுக் கார்ப் படம் இருக்கிறது, ஆனால் அது அந்தக் காரின் குறி. இந்தக் காரில் எந்த இடத்தில், எந்த அளவில், எந்தச் சாய்வில் இருந்தது என்று பார்த்த கண் உலகத்தில் ஒன்றுதான். ஹசன் அலி வந்தார். செய்கு முகம்மது என்னையும் வரச்சொன்னார், நிறம் கலக்குவதற்கு. பக்கத்து ஷெட்டிலிருந்து கனகரத்தினம் அண்ணனை அழைத்து வந்தார்கள்.

"என்ன மஞ்சள் என்று ஞாபகம் இருக்கிறதா?" என்று ஹசன் அலி ஹிந்தியில் கேட்டார்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே மடித்த பஞ்சுத் துணி. அதில் மஞ்சளும் சிவப்பும் ஈஷிக் காய்ந்திருந்தது. துடைத்த துணி! நான் ஆவென்று பார்த்தேன்.

"இதை ஏன் வைத்திருந்தாய்?" என்று கேட்டார் ஹசன் அலி.

"குங்குமம் எண்டெல்லோ நினைச்சன். பூசைச் சாமானைக் கால்படுற இடத்திலை போடுறேல்லை" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "றூமிலை சாமிப் படத்துக்குப் பக்கத்திலை வச்சிருந்தன்." செய்கு முகம்மது அதை அரபியில் எடுத்துச் சொன்னார். சொல்லிவிட்டு, "நாங்களும் ரொட்டித் துண்டு கீழ கெடந்தா எடுத்து ஒசரத்துல வைப்போமுல்ல, அதே மாதிரின்னேன்" என்று என்னிடம் முணுமுணுத்தார். ஹசன் அலி அந்தத் துணியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

துணியை மெஷினில் வைத்து அளந்து இரண்டு நிறத்தையும் கலந்துவிட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு ஜாக்கிரதையாக எதையும் கலந்ததில்லை. அண்ணன் பிரஷை மஞ்சளில் தோய்த்தார். தகட்டின்மேல் குனிந்தார். பிரஷைத் திரும்பக் கிண்ணத்தில் வைத்துவிட்டார்.

"இது ஆரோ ஒராள் பாத்தாச்சு எண்டு சொல்ற குறியெல்லே? நான் இன்னும் பாக்கேல்லையே."

"மெக்கானிக் எல்லாம் பார்த்தாச்சு. நீரு பொட்டை வையும் காணும்!" என்று செய்கு முகம்மது சீறினார்.

"பாக்காமல் வச்சால் அது பொய்க் குறி, முதலாளி. அவன் பாத்துத்தான் வச்சவன்."

குறி இருந்த இடத்துக்கு நேர் மறுபக்கம், டாஷ்போர்டுக்கு அடியில், பிரேக் யூனிட்டைப் பிடித்து நிறுத்துகிற நட்டுகள் நான்கு இருக்கின்றன. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, டார்ச்சோடு காருக்குள் மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பெயிண்டருக்கு நட்டைப் பற்றி என்ன தெரியும்?

டார்ச் வெளிச்சம் ஒவ்வொரு நட்டாக நகர்ந்தது. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "இந்த நாலு நட்டுக்கும் கறுப்பு அடிச்சது நான். பூட்ட முந்தி அடிச்சுக் குடுத்தனான். ஸ்பானர் போட்டு இறுக்கினால் மூலையிலை பெயிண்ட் போகும். ரெண்டிலை போயிருக்குது. மற்ற ரெண்டிலை நான் அடிச்ச பெயிண்ட் அப்பிடியே கிடக்குது."

செய்கு முகம்மதுவின் முகம் வெளுத்தது. ஹசன் அலி வெள்ளைக் கந்தூரா அங்கியோடு தரையில் மண்டியிட்டு, கையை உள்ளே விட்டார். அந்த நட்டு அவருடைய இரண்டு விரலுக்குச் சுற்றியது. விசாரித்தால், பூட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் ஊரில் தாயாருக்கு முடியவில்லை என்று பாதியில் எமர்ஜென்சி லீவில் போயிருக்கிறார். அடுத்து வந்தவர் முடிந்துவிட்டது என்று நினைத்து டாஷ்போர்டை மூடிவிட்டார். அவசரத்துக்கு ஓங்கி மிதித்தால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்த யூனிட் ஆடிப் பிரேக் பிடிக்காமல் போயிருக்கும். போட்டிக்கு அந்தக் காரில் ஹசன் அலி தன் தாயாரை உட்காரவைத்துக் கூட்டிப்போவதாக இருந்தார்.

ஹசன் அலி எழுந்து கனகரத்தினம் அண்ணனின் தலையில் முத்தம் வைத்தார். பெரியவர்களுக்குச் செய்கிற மரியாதை அது. அண்ணன் கூச்சத்தில் நெளிந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்க நினைக்கவும் இல்லை. ஐம்பது வருடத்துக்கு முந்தி ஒருவன் பார்த்துவிட்டு மஞ்சள் வைத்தான். அவன் பார்த்தான் என்பதை நம்பி ஒரு குடும்பம் அந்தக் காரில் ஏறியது. அதை இந்த மனுஷன் ஒருவர்தான் யோசித்தார்.

மூன்று நாள் மற்ற வேலையெல்லாம் நிறுத்தப்பட்டது. அண்ணன் பக்கத்தில் நிற்க, மெக்கானிக் காரிலிருந்த ஒவ்வொரு நட்டிலும் ஸ்பானர் வைத்தார். நான்காம் நாள் அண்ணன் மஞ்சளை வைத்தார். ஒரே ஒரு தொடுகை. பிறகு சிவப்புக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார்.

"நீங்க வைங்கண்ணே" என்றேன்.

"மஞ்சள் வச்ச ஆள் சிவப்பு வைக்கக்கூடாது. அது ரெண்டாம் ஆள் பாத்து வைக்கிறது."

"எனக்கு என்னண்ணே தெரியும்? மூச்சு விடாதீங்கன்னு சொன்னவ நான்."

"அதாலைதான்" என்றார். "வந்து பாருங்கோ."

துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, நாற்பத்தாறு வயதில், அந்தக் காருக்குள் மல்லாந்து படுத்தேன். ஸ்பானரை என் கையில் கொடுத்தார். நான்கு நட்டையும் ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருகிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. திருப்தி இல்லாமல் மறுபடியும் பார்த்தேன். வெளியே வந்து மோதிர விரலைச் சிவப்பில் தொட்டு, மஞ்சளின் நடுவில் வைத்தேன்.

போட்டியில் ஆயிரம் மார்க்குக்குத் தொள்ளாயிரத்துக்கு மேல் வந்தது. அந்தப் பொட்டுக்கு மட்டும் மார்க் கிடையாது, ஏனென்றால் அது அழிந்துபோய் மறுபடி வைத்தது என்று ஹசன் அலியே படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். நான் போட்டியைப் பார்க்கப் போகவில்லை. அன்று காலை கராஜ் வாசலில் நின்றதே எனக்குப் போதும்.

ஜுபைதா அம்மா வந்தார், கைத்தடியோடு. கார்க் கதவை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, கல்யாணப் பெண் போல முன்சீட்டில் உட்கார்ந்தார். இன்ஜின் உறுமியது, தகர ஷெட்டெல்லாம் அதிர்ந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். கனகரத்தினம் அண்ணன் தட்டவில்லை. கார் தெருவில் இறங்கிப் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பச்சையையோ வழிந்த பெயிண்டையோ அவர் பார்க்கவில்லை. காரின் பின்புறத்தையே பார்த்தார். நானும் அதையே பார்த்தேன். தெருமுனையில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே திரும்பியது. இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தது. கார் நின்றது.

"ஓம், நிண்டிட்டுது" என்றார் அண்ணன். மூச்சை விட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பேக்கரிக்காரனின் கடைசி வேனை முடிக்க உள்ளே போனார்.